நம்ம ஆள் இல்லை

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். ஒழுகும் கூரையைச் சரிசெய்ய, வெளிக் கண்ட்ராக்டர் ஒருவர் தன் ஆளான முனியாண்டி என்பவரை அனுப்பியிருந்தார். ஏணியில் கால் வைத்தவர் என்னிடம் கேட்டார்:

"பாஸ், மேல தகடு ஆளைத் தாங்குமா?"

தாங்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலாளர்களை அங்கே ஏற விடுவதே இல்லை. ஆனால் மிதித்து நடக்கப் பலகை போட்டுக் கொடுக்க அரை நாள் ஆகும்.

"உங்க கண்ட்ராக்டர்கிட்ட கேளுங்க லா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பத்து நிமிடத்தில் தகடு உடைந்து முனியாண்டி சிமெண்டுத் தரையில் விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது.

"அவன் நம்ம ஆள் இல்ல, பேசாம இருங்க" என்றார் மேனேஜர்.

மறுநாள் மருத்துவமனையில் முனியாண்டியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் பார்க்க வந்தீங்களே, அண்ணே" என்று அழுதார்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.