சந்தனமேரி இங்கே இல்லை

எங்கள் செக்காலைத் தெருவில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த வளன், வம்பை விலைக்கு வாங்குவதில் கெட்டிக்காரர். 1998-இல், வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களின் சோதனைக்குத் தன் கம்ப்யூட்டரைத் தருவதாக ஒப்புக்கொண்டார். இன்டர்நெட்டில் ஒரு பெயரைத் தேடினால், அது எங்கே இருக்கிறது என்று முதலில் ஒரு தலைமைக் கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டுமாம். பெயர் இருந்தால் அது வழி சொல்லும். இல்லாவிட்டால் "இல்லை" என்று திருப்பி அனுப்பும். அந்தத் தலைமை வேலையை எங்கள் மாதிரிச் சின்ன ஊரில் நடத்த முடியுமா என்று பார்க்கிறார்களாம்.

நமக்கென்ன ஆதாயம் என்று முதலில் சண்டை போட்டது நான்தான். ஆனாலும் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் பேசி, தெருவே கைகொடுத்தது. பேட்டரிக் கடை அப்துல் ஹலீம், கரண்டு போனால் தாங்கட்டும் என்று ஒரு லாரி பேட்டரியை இறக்கிவிட்டுப் போனார்.

சோதனைக்குப் பெயர்கள் வேண்டும். எங்கள் பெயர்களையே போட நினைத்தார் வளன். அவர் மனைவி சந்தனமேரி விடவில்லை.

"உசுரோட இருக்கவுக பேரை எதுக்கு ஒலகமெல்லாம் சுத்த விடுறீக? கண்ணுபடும். கல்லறைத் திருநாளுக்குச் செத்தவுக பேரு வாசிக்கிறோம்ல, அந்தப் பேருகளைப் போடுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீட்டுக்கு ஒரு பெயர் கொடுத்தோம். நான் மாமனார் பெயரைக் கொடுத்தேன். இருந்தவரை டெலிபோனைக்கூடத் தொடாத மனிதர் அவர். வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டார்கள், கம்ப்யூட்டர் வழி சொன்னது. தீபாவளிக்கு முன்பே கேள்விகள் நின்றுவிட்டன.

அடைமழை நேரத்தில் சந்தனமேரிக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் ஆபரேஷன் என்று முடிவான அன்று, சும்மா கிடந்த திரையில் ஒரு பெயர் வந்தது. சந்தனமேரி. எங்கள் கம்ப்யூட்டர், "இல்லை" என்றது. அந்தப் பெயர் திரும்ப வந்தது. திரும்பவும் இல்லை.

வளன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செத்தவர்கள் மட்டும் இருக்கிற இடத்தில் வந்து இவளை யார் கேட்பது? வளன் பேட்டரி வயரை அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தக் கம்ப்யூட்டர் நிக்கக் கூடாதுக்கா. இல்லைன்னு சொல்ல ஆளில்லேன்னா, கேக்குறவுக தேடிக்கிட்டு வந்துருவாக."

வளனும் சந்தனமேரியும் மதுரைக்குப் போனார்கள். நான் கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்தேன். ஆபரேஷன் நடந்த அன்று கரண்டு போனது. பேட்டரி இறங்க இறங்க ஹலீம் வேறு பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். சந்தனமேரி பிழைத்து வந்தாள். நான் அழுதே விட்டேன்.

பிறகு வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது. சோதனை முடிந்தது, அணைத்துவிடலாம். சந்தனமேரியின் பெயரை இன்னும் கேட்பது யார் என்று வளன் விசாரித்தார். கேட்கும் கம்ப்யூட்டர்களைத் தீபாவளிக்கு முன்பே நிறுத்தியாயிற்று, இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை என்று பதில் வந்தது.

வளன் அணைக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் போயிருந்தேன். சந்தனமேரி அரிவாள்மனையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவைச் சாத்தியாச்சா என்பது போலக் கேட்டாள்.

"என்னங்க, இல்லைன்னு சொல்லியாச்சா?"

வளன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லிக்கிட்டேதான் இருக்கு. இன்னைக்கு நிறுத்தாமக் கேக்குது."

அவள் கை நின்றது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. இருக்கிற பேட்டரி இறங்குவதற்குள் இன்னொன்று வாங்க நான் ஹலீம் கடைக்கு ஓடினேன்.