தண்ணீரைச் சேமித்த சட்டை

சட்டைக் கம்பெனிக்காரர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். நான் போட்டிருக்கும் உங்கள் சட்டையின் அட்டையில், தண்ணீரைச் சேமித்து, தொழிலாளரை மதித்துத் தைத்தது என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

இலங்கை மலையகத்தின் கினிகத்தேனையில், காலை மழையில், ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி தையல் ஆலை வேனுக்கு நிற்கிறாள். பெயரைச் சொன்னால் அவள் வேலை போய்விடும்.

“இந்தக் காலர் எங்க லைன்ல தச்சதுண்ணே,” என்கிறாள்.

பாலில்லாத பிளேன்டீ இரண்டு வாங்கி, ஒன்றை அவளிடம் நீட்டுகிறேன்.

“வேணாங்க. குடிச்சா பாத்ரூம் போகணும். லைனுக்கே ஒரு கார்டுதான். அது கைக்கு வந்தாத்தான் எந்திரிக்கலாம். கிட்னில கல்லு இருக்கு, நெறைய தண்ணி குடின்னு டாக்டர் சொல்றாரு. அவரா வந்து தைப்பாரு?”

“வெளிநாட்டுக்காரங்க செக் பண்ண வர்றப்ப?”

“கார்ட ஒளிச்சிருவாங்க. அன்னிக்கு மட்டும் வயிறு முட்டக் குடிப்போம்.”

சிரித்தபடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறுகிறாள்.

என் பஸ் வரவில்லை. ஆறிப்போன இரண்டு பிளேன்டீயோடு தனியாக நிற்கிறேன். பேச வேறு ஆளில்லை, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த சட்டையின் அட்டையிலேயே, எல்லோரும் வாசிக்கும்படி பதில் அச்சிடுங்கள்: அந்தப் பெண் இன்று தண்ணீர் குடித்தாளா?