சீர்த்தட்டில் வந்த கிட்டார்

எனக்குச் சடங்கு நடந்தபோது தாய்மாமன் சீராக ஒரு கிட்டார் வந்தது. காமயகவுண்டன்பட்டியில் அதற்கு முன்னால் யாருக்கும் அப்படி வந்ததில்லை. அதற்குப் பின்னால் வந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்குக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது துபாய்க்குப் போய் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் காவலாளியாகச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். எனக்குப் பதின்மூன்று வயதில் சடங்கு வைத்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் வந்து நிற்காத சடங்கு பெரிய குறை. அந்தக் குறையைச் சீர் வைத்துத்தான் மூட வேண்டும். அப்பாவின் தங்கை, கோம்பையில் வாக்கப்பட்டிருந்த என் அத்தை, இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அவரிடம் அம்மா ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்துவிட்டாள், "என் தம்பி சங்கிலி இல்லாம சீர் விடமாட்டான்" என்று.

விசேஷத்தன்று அம்மா வழிச் சொந்தக்காரர்கள் மேளத்தோடு தட்டுகளைத் தூக்கி வந்தார்கள். பழம், வளையல், பட்டுப்புடவை, வெல்லம், பூ எல்லாம் இருந்தது. கடைசியில் மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்து ஊர் திரும்பிய உத்தமபாளையத்துக்காரர் ஒருவர், கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மண்டபத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கம்பளியை எடுத்ததும் கறுப்பாக, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பாக அது வெளியே வந்தது. எந்தத் தட்டிலும் அது அடங்கவில்லை. இரண்டு வாழைப்பழத் தட்டுகளைச் சேர்த்து அதன்மேல் கிடத்தினார்கள்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன மதினி, சங்கிலி வரும்னு சொன்னீக. தந்தி மாட்டுன கட்டையில்ல வந்திருக்கு!"

மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். "வெளிநாட்டுல இப்ப இதத்தான் குடுக்குறாகளாம்" என்று ஏதோ சொன்னாள். அவள் கழுத்து வேர்த்துக்கொண்டிருந்ததை மணையில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். போட்டோ எடுக்க வந்தவருக்கு மட்டும் அன்று மனம் நிறைந்துவிட்டது. "பாப்பா, அதக் கையில புடிங்க. ஆங், அப்படியே விரல வைங்க" என்று விதவிதமாக எடுத்துத் தள்ளினார். பட்டுப்புடவை, ராக்கொடி, கழுத்து நிறைய மாலை, மடியில் கிட்டார். அந்த ஆல்பம் இன்னும் வீட்டில் இருக்கிறது. யார் வந்தாலும் அந்தப் பக்கம் வருவதற்குள் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அதைக் கேட்டது நான்தான். சடங்குக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் மாமா போனில், "ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்னு மாமாகிட்ட மட்டும் சொல்லு" என்றார். கம்பத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் ஒரு பெண் கிட்டார் கொண்டுவந்து வாசித்திருந்தாள். மொத்த வகுப்பும் அவளைச் சுற்றி நின்றது. "கிட்டார்" என்றேன். ஆகாய விமானம் வேண்டும் என்று சொல்வது மாதிரிதான் சொன்னேன். அடுத்த நாளே மறந்தும் போனேன். மறக்காமல் இருந்தவர் அவர்.

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தபோது, "நான்தான் கேட்டேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சொல்லாததால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒரு வாரம் கழிந்ததும் அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது. "புத்தி கெட்ட பய" என்று அம்மா தன் தம்பியைத் திட்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

திட்டி முடித்த அம்மா வேறொரு முடிவுக்கு வந்தாள். வந்த பொருளை மாற்ற முடியாது. அதைப் பெரிய பொருளாக ஆக்கிவிடலாம். நான் நாலு பேர் மூக்கில் விரல் வைக்கும்படி வாசித்துவிட்டால், தம்பி யோசித்துத்தான் அனுப்பினான் என்று ஆகிவிடும். கம்பத்தில் ஒரு டுடோரியல் மாடியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சனிக்கிழமைகளில் கீபோர்டு சொல்லிக்கொடுத்தாள். கிட்டாரும் கிட்டத்தட்டத் தெரியும் என்றாள். அங்கே சேர்த்துவிட்டாள் அம்மா. ரோஜாப்பூ போட்ட பழைய போர்வையை வெட்டிக் கிட்டாருக்கு உறையும் தைத்தாள்.

அந்த உறையோடு டவுன் பஸ்ஸில் ஏறுவதை நினைத்தால் வெள்ளிக்கிழமையே எனக்குக் காய்ச்சல் வந்தால் தேவலை என்றிருக்கும். இலைக்கட்டு, தேங்காய் மூட்டை, ஆட்டுக்குட்டி எதற்கும் திரும்பாத பஸ் எனக்கு மட்டும் திரும்பிப் பார்க்கும். "இதுக்கு அர டிக்கெட்டா, முழு டிக்கெட்டா பாப்பா?" என்று கண்டக்டர் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் சிரிக்கும். அந்த அக்கா ஆறு மாதத்தில் எனக்கு ஒரே ஒரு மெட்டுதான் சொல்லித்தந்தாள். பயிற்சிப் புத்தகத்தில் இருந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டு. எட்டு வரி. ஐந்தாவது வரியில் நான் எப்போதும் தடுக்கி விழுவேன். விரல் நுனிகளில் தோல் தடித்து, மோர் சோறு பிசையும்போது எரியும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா, "அத எடுத்துட்டு வா" என்பாள். உரம் விற்க வந்த ஆளுக்குக்கூட வாசித்துக் காட்டியிருக்கிறேன். காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பி வருகிற அம்மா, கண்ணைத் திறந்து வைக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவ" என்பாள். இருவரில் யாருக்கு அலுப்பு அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரும் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் கிட்டாரை வேண்டுமென்றே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். கம்பம் பஸ் நிலையத்தில், கடைசி சீட்டுக்கு அடியில். அக்காவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வெறுங்கையோடு வீடு வந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டிய பொய்யைக்கூட அழகாகத் தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லத் தொடங்குவதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. நிறுத்தமே இல்லாத எங்கள் தெருமுனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கண்டக்டர் ரோஜாப்பூ உறையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏத்தா, இத விட்டுட்டுப் போயிட்டியே! எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருந்தா என்னத்துக்கு ஆகுறது? இந்தப் பக்கம் இது யாருதுன்னு தெரியாத ஆளு உண்டா?"

அம்மா அவர் கையில் ஒரு பை நிறையத் திராட்சை கொடுத்தனுப்பினாள். கிட்டாருக்குத் திருநீறு பூசினாள். அன்று சாயங்காலம் எட்டு வரியையும் நான் நான்கு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் மாமா லீவில் வந்தார். போகும்போது இருந்ததில் பாதிதான் திரும்பி வந்திருந்தது. முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே சதை தொங்கியிருந்தது. அத்தை அன்றே கோம்பையிலிருந்து வந்துவிட்டார். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்.

"ஏம் தம்பி, ஒத்தப் பொட்டப்புள்ளைக்கு ஒரு சங்கிலி போடக்கூடாதா? அந்தக் கட்டைய எவன் ஒங்களுக்கு யோசன சொன்னது?"

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "யாரும் சொல்லல, எனக்கே தோணுச்சு. பாத்தேன், நல்லாருந்துச்சு" என்றார். அம்மா எழுந்து உள்ளே போனாள். தப்பித்தோம் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மாமா வந்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பாய் விரித்துப் படுப்பார். தெருவில் ஒரு பைக் போனால் போதும், எழுந்து விறைப்பாக நிற்பார். நாங்கள்தான் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே திரும்ப உட்காருவார். "ஏன்டா இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிற?" என்று அம்மா கேட்டாள். "அங்கன கண்ணசந்தா ஆள மாத்திருவாகக்கா. ரூம்லயும் எட்டுப் பேரு, ஆளுக்கொரு ஷிப்டு. லைட்டே அணையாது. அப்படியே பழகிப்போச்சு" என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நானும் என் தோழியும் பின்கட்டில் அவரை மாதிரி துள்ளி எழுந்து நின்று விளையாடினோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா தன் காரியத்தை முடிக்க நினைத்தாள். அத்தையையும் அத்தை வீட்டு ஆட்களையும், அனுப்பியவன் எதிரிலேயே பிள்ளை வாசிப்பதைக் கேட்க வாருங்கள் என்று அழைத்திருந்தாள். கேசரி கிளறி வைத்தாள். அவர்கள் வருவதற்குள் ஒருமுறை பழகிக்கொள் என்று என்னை முன்னறையில் உட்கார வைத்தாள். மாமா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். ஐந்தாவது வரியில் வழக்கம்போலத் தடுக்கினேன். மாமா ஏதாவது சொல்வாரோ என்று நிமிர்ந்து பார்த்தால், அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சிரித்தவர்களைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வாங்கித் தந்தவரே தூங்குகிற அளவுக்கா இருக்கிறது நான் வாசிப்பது? விரலை எடுத்தேன்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா கையை வேகமாக ஆட்டினாள்.

"நிப்பாட்டாத ஆத்தா. நிப்பாட்டுனா முழிச்சிருவான். வாசி."

குரலே எழும்பாமல் சொன்னாள். எட்டு வரி முடிந்து மறுபடி முதல் வரிக்கு வந்தேன். தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. மாமாவின் கை நாற்காலிப் பிடியில் ஒருமுறை துடித்து அடங்கியது. அம்மா ஓடிப்போய் வெளியே நின்று கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக அத்தையின் சத்தம் கேட்டது.

"என்ன மதினி, வரச்சொல்லிட்டுக் கதவச் சாத்துறீக?"

"மெல்லப் பேசுங்க. இன்னைக்கு வேணாம், இன்னொரு நாளைக்கு வாங்க."

"கோம்பையிலிருந்து ஆட்டோ பிடிச்சு வந்திருக்கோம்!"

"உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன், இப்பப் போயிருங்க."

அத்தையின் கால்களில் விழுவதாக அம்மா சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆட்டோ திரும்பிப் போனது. அந்தக் கோபத்தில் அத்தை வீட்டோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அம்மா உள்ளே வந்து ஜன்னலையும் ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பிறகு தரையில், தம்பியின் காலடியில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தப் பார்க்கும்போதெல்லாம் விரலைச் சுழற்றி வாசி, வாசி என்றாள். கேசரி ஆறிக் கட்டிதட்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த எட்டு வரியையே வாசித்தேன். எத்தனையாவது தடவையோ, ஐந்தாவது வரி தடுக்காமல் போனது. அதைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை.

இப்போது நான் கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன பொங்கலுக்கு, அடுத்தடுத்து இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனேன். விழித்தபோது சோறு காய்ந்திருந்தது, வீட்டில் ஒரு சத்தம் இல்லை, முன்கதவு சாத்தியிருந்தது. அம்மா என் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோடை மத்தியானம் எனக்கு விளங்கியது அப்போதுதான்.

அன்றைக்கு எனக்கு விரல் வலித்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஊரைக் கூட்டி வாசிக்கச் சொன்ன அம்மாவே, கதவையும் ஜன்னலையும் இழுத்துச் சாத்திவிட்டாளே, அவளுக்கும் என் கிட்டாரை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.