வாய்க்காலில் கொட்டிய மாவு

வசந்தா அக்கா கொடுத்த மாவை நான் வாய்க்காலில் கொட்டினேன். போன ஆடியில், மாரியம்மனுக்குக் கூழ் வார்க்க வீடு வீடாகக் கேழ்வரகு மாவு வாங்கி வந்த அன்று. கை தவறி அல்ல... சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் கொட்டினேன்.

படித்தவன்தானே என்று கேட்பாய். படித்தவன்தான்! கல்லூரியில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு ஊர்வலத்தில் பதாகை பிடித்தவன். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று தொண்டை கிழியக் கத்தியவன். பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தத் தொண்டை எங்கே போனது?

எனக்கு நோய்ப் பயமில்லை. 'அவ வூட்டு மாவா?' என்று யாராவது கேட்டு, ஊரே கூழைத் தொடாமல் போய்விட்டால்... முன்னின்று நடத்தும் என் பெயர் என்னாவது? அவ்வளவுதான்.

கணவர் இறந்து, அக்காவுக்கும் தொற்று என்று ஊருக்குத் தெரிந்ததிலிருந்து யாரும் அவரைக் களையெடுக்கக் கூப்பிடுவதில்லை. கூலி இல்லை; பல இரவுகள் சோறும் இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றும். போடாமலும் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர் டப்பாவின் அடியைச் சுரண்டி எனக்கு ஓர் ஆழாக்கு மாவு அளந்தார். வாய்க்கால் மீன்கள் கூசாமல் தின்றன.

மறுநாள் வரிசையின் கடைசியில் வந்து சொம்பை நீட்டினார். தன் மாவும் அதில் இருக்கிறது என்ற நம்பிக்கை! நான் ஊற்றினேன்... சொம்பில் கரண்டி படாமல், உயரத்திலிருந்து.

இந்த ஆடியில் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். மாவு கரைக்கும்போது, இது வசந்தா அக்கா வீட்டு மாவு என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போட்டேன்.

மறுநாள் அண்டாவைத் திறந்தோம். யாரும் நெருங்கவில்லை. அக்காவைக் கூப்பிடுவதை முதலில் நிறுத்தியவரே களைக்கு ஆள் சேர்க்கும் அஞ்சலை அத்தைதான்; அவர் வந்து தூக்குவாளியை நீட்டினார்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற... ஊத்து, வெயில் ஏறுதில்ல."

வரிசை நகர்ந்தது. சிலர் திரும்பிப் போனார்கள், போகட்டும். அத்தை குடித்துக்கொண்டே, நேற்றும் கூப்பிட்டவர் போல, நாளைக்குக் களைக்கு வந்துவிடச் சொன்னார் அக்காவிடம்.

இரண்டாம் சொம்புக்கு வந்த அக்கா என்னருகில் நின்றார்.

"போன வருஷம் நீ மூஞ்சி சுளிக்காம என் மாவ வாங்கிக்கினு போன பாரு... அந்தத் தைரியத்துலதான்டா நான் கூழுக்கே வந்தேன்."

நான் தலையாட்டினேன்.

இப்போது அவர் வீட்டில் இரவிலும் அடுப்பு எரிகிறது. அடுத்த ஆடிக்கு ஒரு படியாகவே தருவாராம். உண்மையைச் சொன்னால் அவர் மனம் உடைந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறேன். அது இரக்கமா... அதே பழைய பயமா?

உனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் தினமும் களைக்குப் போகிறார். என்னைக் கண்டால் நின்று சிரிக்கிறார்.