அக்கா வாங்காத கார்

என் அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயதானபோது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. ஆசை எப்போதும் இருந்ததுதான். அந்த வருஷம்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் மலேசியாவில் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலைப் பள்ளிக்கு ஒரு நடை, மதியப் பள்ளிக்கு ஒரு நடை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் வேனில் தூங்கி வழிந்து வளர்ந்தவர்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "வேன்ல எடம் இல்ல லா" என்று சிரிப்பாள். நானும் என் மனைவியும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். எனக்கு அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அதனால் என்னைக் 'கிராணி' என்றுதான் கூப்பிடுவாள். தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவருக்கு அதுதான் பேர்.

எங்கள் அப்பா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டினார். அக்கா ஸ்டியரிங் பிடிக்கப் பழகியது அந்த லாரியில். கால் பெடலுக்கு எட்டாத வயதிலேயே எஞ்சின் சத்தத்தை வைத்து எந்த கியர் என்று சொல்லிவிடுவாளாம். அப்பா அதைக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை நடை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அன்றைக்கு லீவு. சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள்.

"பாரு."

கருநீலத்தில் ஒரு கார். இரண்டே கதவு. தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. பழைய ஜப்பான் வண்டி, மூவாயிரம் சிசி, டர்போ, கையால் கியர் போடுவது.

"யாருக்கு அக்கா?"

"எனக்கு லா. வேற யாருக்கு?"

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா அக்கா?"

"இந்த வயசுலதான் தேவை. இன்னும் பத்து வருஷம் போனா இதுக்குள்ளேருந்து என்னைத் தூக்க கிரேன் வரணும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "மத்தவங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டு இத்தன வருஷமா மெதுவாவே ஓட்டிட்டேன்டா. ஒருத்தர் தலைகூட கண்ணாடில முட்டக்கூடாதுன்னு ஓட்டிட்டேன். எனக்குன்னு ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்."

நான் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

"வாங்குறதுக்குக் காசு இருக்கு. முன்ன வச்சிருந்த ரெண்டாவது வேன வித்த பணம் அப்படியே கெடக்கு. ஆனா வச்சு ஓட்ட முடியுமா? அத நீ பாத்துச் சொல்லு, கிராணி."

எனக்கு அந்த யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை. செலவைக் காட்டிப் பயமுறுத்தினால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். சாலை வரியில் ஆரம்பித்தேன். என் சின்னக் காருக்குக் கட்டுவது ஒரு குடும்பம் கடையில் சாப்பிடுகிற காசு. சிசி ஏற ஏற வரி பாய்ந்து ஏறும். இந்த வண்டிக்கு அவளுடைய மதிய நடையின் ஒரு மாத வரும்படி அப்படியே போய்விடும். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், அதைவிட மோசம். வேனுக்கு இத்தனை வருஷம் விபத்தே இல்லாமல் சேர்த்துவைத்த தள்ளுபடி தனியார் காருக்குச் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"டயர்?" என்றாள், நான் சொல்வதற்கு முன்பே. "முன்னால ஒரு சைஸ், பின்னால ஒரு சைஸ். மாத்திப் போட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும். அதையும் சேத்துக்க."

"மலிவான தொண்ணூத்தஞ்சு பெட்ரோல் ஊத்த முடியாது, தெரியுமா?"

"தெரியும். தொண்ணூத்தேழுதான். வாரத்துக்கு ஒரு நாள்தான் வெளிய எடுப்பேன். ஞாயித்துக்கிழம காலைல. அப்படிப் போட்டுப் பாரு."

பயமுறுத்த உட்கார்ந்தவன் மெல்ல மெல்ல அவளோடு சேர்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அடுத்த சில வாரங்கள் எங்களுக்கு அதே பேச்சுதான். கிளட்ச் மாற்ற என்ன ஆகும், டர்போ போனால் என்ன ஆகும், பிரேக் தட்டு இங்கே கிடைக்குமா, இல்லை கோலாலம்பூரில்தான் வாங்க வேண்டுமா என்று அவள் ஈப்போவில் தெரிந்த பட்டறைகளில் எல்லாம் விசாரித்துக்கொண்டு வருவாள். எங்கள் தெருவில் இருக்கும் வேகத்தடைகளை நாங்கள் இருவரும் நடந்து போய்ப் பார்த்தோம். "இந்த போங்கோல் இடிக்கும்" என்று குந்தி உட்கார்ந்து கையால் உயரம் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "என்னம்மா, மோதிரம் விழுந்துருச்சா?" என்று கேட்டார். அக்கா தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். காலைப் பிள்ளைகள் கொடுக்கும் காசு வீட்டுக்கு. மதியப் பிள்ளைகள் கொடுக்கும் காசு காருக்கு. அதற்குள் அடங்கினால் வாங்குவது, அடங்காவிட்டால் பேச்சை விட்டுவிடுவது. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இழுத்துப் பிடித்தால் அடங்கியது.

"அடங்குது அக்கா."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த மாதிரி அவள் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் அந்தக் காரை ஆசைப்பட ஆரம்பித்திருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

காரை விற்கிறவர் சிலிம் ரிவரில் இருந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற சீனர். முதுகு வலியால் இனி அதில் ஏறி இறங்க முடியவில்லை என்றார். ஒரு சனிக்கிழமை காலை வேனிலேயே போனோம். அக்காதான் ஓட்டினாள். பழைய சாலையில் போகலாம் என்றாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

அவர் கார்மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். அக்கா சுற்றி வந்து பார்த்தாள். கீழே எண்ணெய் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள், டயர் ஓரத்தைத் தடவினாள், எஞ்சினை முடுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் மலாயில் சொன்னார்: "நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்கள் வேன் இங்கே நிற்கட்டும்." மூன்று பேர் உட்கார அதில் இடம் இல்லை. நானும் அவளும் மட்டும் போனோம்.

ஊரைத் தாண்டி, அப்பா வேலை பார்த்த தோட்டம் இருந்த பக்கம் திருப்பினாள். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எல்லாம் எண்ணெய்க்குப் போடும் செம்பனை. சாலை நேராக, காலியாகக் கிடந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். முதுகை யாரோ பிடித்துப் பின்னால் தள்ளியது போல இருந்தது. அக்கா சத்தமே போடவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை லேசாக, வேன் ஓட்டுவது போலவே இருந்தது. நான் என் அக்காவைப் பார்த்தேன், சாலையைப் பார்க்கவில்லை. பிறகு எதேச்சையாகத் திரும்பினேன்.

இடதுபுறம் செம்பனைக்குள்ளிருந்து ஒரு மண்பாதை வந்து சாலையில் சேர்ந்தது. அதில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். குலை வெட்டும் நீளக் கம்பு தோளில் இருந்தது. நல்ல வெயில். மறைக்க ஒன்றும் இல்லை. அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை.

"அக்கா! ஆள்!"

பிரேக்கை மிதித்தாள். கார் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. அந்த மனிதர் வண்டியைத் திருப்பிப் புல்லில் விழுந்தார்.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள்: "எங்க? யாரு?"

அவர் எங்கள் இடது பக்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"எங்கடா? யாரும் இல்லியே!"

முழுத் தலையையும் அந்தப் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

இறங்கி ஓடினோம். அவர் இந்தோனேசியத் தொழிலாளி, நடுத்தர வயது. முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. அக்கா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மலாயில் மன்னிப்புக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அக்கா சாலையோரம் உட்கார்ந்தாள். இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க வா. என் பின்னால நில்லு" என்றாள். "கைய நீட்டி இந்தப் பக்கமா முன்னால கொண்டு வா. மெதுவா. தெரியறப்ப சொல்றேன்."

நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் இடது கையை அவள் தலைக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். காதைத் தாண்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தாண்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. என் விரல்கள் அவள் மூக்குக்கு நேரே வரப்போகிற சமயத்தில்தான், "இப்ப தெரியுது" என்றாள்.

என் கை அங்கேயே நின்றது. அவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நேத்து மத்தியானம் வேன் நெறைய புள்ளைங்க இருந்தாங்கடா" என்றாள்.

அதற்குப் பிறகு அழுதாள். அம்மா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. நான் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். சொந்தப் பிள்ளை என்று ஒன்றுகூட இல்லாத அவள், யார் யாருடைய பிள்ளைகள் பெயரையோ சொல்லிச் சொல்லி அழுதாள். முன் சீட்டில் உட்காருகிறவன், ஜன்னலோரம் தூங்குகிறவள், இறங்கியதும் வேனுக்கு இடதுபுறமாக ஓடுகிறவன். "அவன் எப்பவும் அந்தப் பக்கந்தான் ஓடுவான்" என்றாள்.

காரை நான்தான் திருப்பிக்கொண்டு போனேன். எனக்குக் கையால் கியர் போட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு தடவை எஞ்சின் அணைந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப கிளட்ச்ச விடு. இப்ப மூணுல போடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள்.

விற்கிறவர் வாசலில் காத்திருந்தார். வழியில் ஒருவரை இடிக்கப் பார்த்ததை மட்டும் சொன்னோம். காரைச் சுற்றிப் பார்த்தார், கீறல் இல்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"நல்ல கார். என்னால முடியாது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. செலவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார் போல. "விலையைக் கொஞ்சம் குறைக்கிறேன். டயரும் புதிதாகப் போட்டுத் தருகிறேன். நீங்கள் நன்றாக ஓட்டுவீர்கள் என்று ஏறும்போதே தெரிந்தது" என்றார்.

அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். ஓட்டுகிற பக்கம் இல்லை, மறுபக்கம்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் அம்மாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். திங்கள்கிழமை முதல் வேன் ஓடாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொன்னாள். ஓர் அம்மா, "எங்க வீட்டுப் புள்ள ஏதும் தொந்தரவு பண்ணிட்டாளா அக்கா?" என்று கேட்டார். "இல்லம்மா. அவ தங்கம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். மீதிப் பேரிடம் நான் பேசினேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய் என்றார்கள். ஓரத்திலிருந்துதான் பார்வை போகும், நடுவில் தெளிவாகத் தெரிவதால் ஆளுக்கே தெரியாது என்று அந்த இளம் டாக்டர் விளக்கினார். இடது பக்கம்தான் அதிகம் போயிருந்தது. வேன் லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் அக்கா சுவரில் இருந்த எழுத்தை நேராகப் பார்த்துப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"போனது வருமா?" என்று கேட்டாள்.

"வராது ஆன்ட்டி. இருக்கறதக் காப்பாத்தலாம்."

மருந்து ஊற்றிக்கொள்கிறாள். வேனை ஓர் இளைஞன் வாங்கிக்கொண்டான். அதே வழியில்தான் ஓட்டுகிறான். ஆரம்பத்தில் எந்தப் பிள்ளை எங்கே இறங்கும் என்று அக்காதான் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அவன் கேட்பதில்லை. காலையில் அவள் வீட்டைத் தாண்டும்போது ஹார்ன் அடிப்பான். பிள்ளைகள் கை காட்டுவார்கள். அவள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு எல்லாம் நான்தான் கூட்டிப்போகிறேன். என் காரில் பின்னால்தான் உட்காருவாள். முதலில் எனக்குப் புரியவில்லை. "முன்னால ஒக்காந்தா காலு தானா பிரேக்கத் தேடுதுடா" என்றாள்.

சென்ற மாதம் தைப்பிங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் இன்னும் கொட்டியது. முன்னால் போகிற வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் இடது தடத்திலேயே மெதுவாகப் போனேன். என் மனைவி பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. முதலில் மழை என்று நினைத்தேன். அக்கா எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்ததால் கண்ணாடியில் முகம் முழுதாகத் தெரியவில்லை. வாயருகே ஒரு கை மட்டும் தெரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்தியிருந்தாள்.

"அக்கா, ஓரமா நிறுத்தவா?"

தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"வேணாம் தம்பி. நிறுத்தாத. ஓட்டு."