மூன்று பேர் படிப்பார்கள்

டயாலிசிஸ் பிரிவில் அந்த நர்ஸை எல்லோரும் மெஷின் அக்கா என்பார்கள். மெஷின் லேசாகக் கத்தினாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். மனிதர்களிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. தனிக்கட்டை. வேலை, வீடு, எப்போதாவது தம்பியின் போன், அவ்வளவுதான்.

மருத்துவமனை நடத்தும் ஆன்லைன் பயிற்சியைப் பற்றி அவளிடம் கேட்டால் பொரிந்து தள்ளிவிடுவாள். வீடியோவை ஓடவிட்டு ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டினால் போதும், தூங்குகிறவனும் பாஸ். நர்ஸுகள் சங்கத்தின் நேரலை வகுப்பு பரவாயில்லை. முகங்கள் தெரியும், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் முறை வரும்போது நேரம் முடிந்துவிடும்.

அதனால்தான் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இலவசப் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். நோயாளிகளிடம் பேசுவது எப்படி என்பது பாடம். அங்கே கட்டுரையை வாத்தியார் திருத்தமாட்டார். பேர் தெரியாத சக மாணவர்கள் மூன்று பேர் படித்துக் கருத்து எழுத வேண்டும்.

“சம்பளம் ஏறுமாக்கா?” என்றான் தம்பி.

“ஏறாதுடா. மூணு பேர் படிப்பாங்க.”

மூன்றாம் படுக்கைக்காரரைப் பற்றி எழுதினாள். வருஷக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர் இறந்துபோனார். அவருடைய போர்வையை வாங்கிப்போக மகள் வந்தாள். அக்கா மடித்துக் கொடுத்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனைக் கணினியில் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள்.

கருத்து வரவே இல்லை. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் பாடத்திலேயே கம்பி நீட்டிவிட்டார்கள்.

வீட்டில் பாடம் கேட்பதற்காகப் போனில், வேறொரு மெயிலில், இன்னொரு கணக்கும் தொடங்கியிருந்தாள். ஒரு மாலை போனில் செய்தி வந்தது: சக மாணவர் ஒருவரின் கட்டுரை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆசையாகத் திறந்தாள். மூன்றாம் படுக்கை, போர்வை, மகள். அவள் எழுதியதேதான். அந்தப் படிப்புக்கு அவள் ஒருத்தியே இரண்டு மாணவிகள்.

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மூடிவிடப் பார்த்தாள். ஆனால் வேறு யார் படிக்கப்போகிறார்கள்? முன்பின் தெரியாத ஒருத்தி எழுதியதைப் போல முதல் வரியிலிருந்து படித்தாள்.

“பாவம் இவ” என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகு எழுதினாள்: ‘நீங்கள் பேசாதது தப்பில்லை. எவ்வளவு பதமாக மடித்துக் கொடுத்தீர்கள் என்று அந்தப் பெண் பார்த்திருப்பாள்.’

மறுநாள் வேலைக்கு நடுவே மருத்துவமனைக் கணினி சத்தம் கொடுத்தது. உங்கள் கட்டுரைக்கு ஒரு கருத்து வந்திருக்கிறது. கையுறையோடு கீபோர்டைத் தொடுகிறவர்களைக் கிழிகிழியென்று கிழிக்கிற அக்கா, கையுறையைக் கழற்றாமலே ஓடிவந்து உட்கார்ந்தாள். யாரோ படித்துவிட்டார்கள் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நம்பினாள்.