மகன் மாட்டிய ரவுட்டர்

அப்போது நான் புதுச்சேரி உப்பளத்தில் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிடையரான சொல்தாக்களும் அவர்களுடைய விதவைகளும் பென்ஷன் வேலைக்காக எங்களிடம் வருவார்கள். பாஸ்போர்ட், பேங்க் நம்பர், உயிரோடுதான் இருக்கிறேன் என்கிற சான்று எல்லாவற்றையும் நம்பிக் கொடுப்பார்கள். நாங்கள் ஸ்கேன் செய்து பிரான்சுக்கு அனுப்புவோம். கம்ப்யூட்டர், நெட் எல்லாம் என் பொறுப்பு. முதலாளியை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கும் முசியேவுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. அலமாரி மேல் இருந்த வயர்லெஸ் ரவுட்டர். பாரீசில் இருக்கும் அவர் மகன் ஒரு லீவுக்கு வந்தபோது வாங்கிவந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு மகன் ஊர்ப்பக்கம் வரவில்லை. முசியே தினமும் அதைத் துணியால் துடைப்பார். ஆபீசில் வேறு எதையும் அவர் துடைத்து நான் பார்த்ததில்லை.

அந்த ரவுட்டரில் இருந்தது பழைய காலத்துப் பூட்டு. அதை உடைக்கிற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்க ஆரம்பித்திருந்தது. செய்த கம்பெனியும் அதைக் கைகழுவிவிட்டது. மாற்றிவிடலாம் முசியே என்று நான் சொல்லும்போதெல்லாம், நல்லா ஓடுகிற சாமானை எதற்குக் கழற்றுவது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிப்பேரான சாமானை யார் வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். இது ரிப்பேரே ஆகாததுதான் பிரச்சினை. மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வந்து கம்ப்யூட்டரே புகைந்து போனது. இந்த மகராசன் மட்டும் பச்சை விளக்கைச் சிமிட்டி எனக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் பொறுமை இழந்து, நிரூபித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். காட்டு பார்ப்போம் என்றார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துப் போய் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். படித்த பிள்ளை திருட உட்கார்ந்துவிட்டது என்று கிண்டல் செய்தபடி டீ குடித்தார். அவர் அடுத்த டீ சொல்வதற்குள் பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது. நாங்கள் ஸ்கேன் செய்து வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தது. அன்று காலை வந்துபோன ஒரு அம்மாவின் பாஸ்போர்ட், பேங்க் நம்பர், கைநாட்டு. அந்த அம்மாவுக்குப் பென்ஷனை விட்டால் வேறு கதியில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

முசியே சட்டென்று லேப்டாப்பை மூடினார். டீ மாஸ்டர் பார்த்துவிடுவார் என்று பயந்தாரோ என்னவோ, மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்குத் துளியும் வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்படியும் உடனே கழற்ற விடவில்லை. மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். விவரம் கேட்டால் நான் சொல்ல வேண்டும் என்பதற்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டார். நீ மாட்டிக் கொடுத்த ரவுட்டரைக் கழற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"எந்த ரவுட்டர், பப்பா?"

ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று விசாரித்துவிட்டுப் போனை வைத்தார். அந்த மகன் மேல் கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. மாட்டிவிட்டுப் போனவருக்கு அது ஒருநாள் வேலை. தினமும் பார்க்கிறவருக்குத்தான் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. முசியே அலமாரிப் பக்கம் போய், ஒயரை அவரே பிடுங்கினார்.

மறுநாள் புது ரவுட்டரை நான் மாட்டும்போது பக்கத்திலேயே நின்றார். விளக்கு எரிந்ததும், பாதுகாப்பா என்று கேட்டார். இப்போதைக்குப் பாதுகாப்புதான் என்றேன். அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"இத எப்ப தூக்கிப் போடணும்னு இப்பவே சொல்லிடும்மா. பழகிப் போறதுக்கு முன்னாடி."